திருச்சி – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கேள்வி: திருச்சிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்? வரைபடத்தில் சாலைத் தூரம் கிடைக்கவில்லை.

இடையில் கடல் இருப்பதால் சாலைத் தூரம் கிடைக்காது. திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் அமைந்துள்ள பலாலியின் ஓடுபாதை வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 184 கிலோமீட்டர், அதாவது சுமார் 99 கடல் மைல். அந்தக் கோடு தென்கிழக்காகச் சென்று, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டுகிறது. எனவே வழியில் ஏறக்குறையப் பாதி நிலம், பாதி பாக் நீரிணை.

கேள்வி: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று பயணச்சீட்டில் போட்டிருக்கிறார்களே, விமானம் அவ்வளவு மெதுவாகவா பறக்கிறது?

இல்லை. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 என்னும் சிறிய விசிறி விமானம் சீரான உயரத்தை எட்டியபின் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது; அந்தக் கணக்கில் 22 நிமிடமே போதும் என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் காட்டப்படும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் சக்கரம் முழுவதுமாக நிற்பது வரையிலான நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னால் உள்ள விமானத்திற்காகக் காத்திருப்பது, மேலேறுகையில் குறைந்த வேகத்தில் பறப்பது, இறங்கும் முன் ஓடுபாதைக்கு நேராக வருவதற்காகச் சுற்றிச் செல்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். குறுந்தடங்களில் இவையே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து இணைப்புப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

கேள்வி: திரும்பி வருகையில் காற்றினால் தாமதமாகுமா?

தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, போகும்போது உந்தும், வரும்போது எதிர்க்கும். எனினும் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் வேறுபாடு இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டாது. வடகிழக்குப் பருவமழையின் இடிமேகங்களைச் சுற்றிப் போவதால் ஏற்படும் தாமதமே பெரிது.

கேள்வி: பெரிய ஜெட் விமானம் விட்டால் விரைவாகப் போகலாமே?

பறக்கும் நேரத்தில் சில நிமிடங்களே மிச்சமாகும். அதைவிட ஓடுபாதையின் நீளம் முக்கியம். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது பயன்பாட்டில் இருந்த ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர் மட்டுமே. குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்க ஏடிஆர் போன்ற விசிறி விமானம் ஏற்றது. ஏர்பஸ் 320 போன்றவற்றுக்கு முழுச் சுமையுடன் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும்.

கேள்வி: கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறேன். சென்னை சென்று ஏறலாமா, திருச்சியிலேயே ஏறலாமா?

திருச்சியிலேயே ஏறுங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டுத் தூரமே ஏறத்தாழ 354 கிலோமீட்டர். அதற்கு முன் தஞ்சையிலிருந்து சென்னை வரை ஆறேழு மணி நேரம் சாலையிலோ ரயிலிலோ போக வேண்டும். திருச்சி விமான நிலையம் உங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவுதான். 2025-இல் இந்த நேரடிச் சேவை வந்தது டெல்டா மாவட்டத்தாருக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் இது பன்னாட்டுப் பயணம் என்பதால் குடியகல்வு, சுங்கச் சோதனைகளுக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். பலாலியில் இறங்கியபின் யாழ் நகரை அடைய முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.