47 வயதில் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம், அதற்கப்புறம் தபால் வழியில் பி.காம். முடித்தேன், 48 சதவீதம். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்குக்காகக் கோர்ட்டுக்கு அலைந்ததில் சட்டம் படிக்க ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் சேர்ப்பார்களா? வேலையை விடாமல் படிக்க முடியுமா? - ஒரு வாசகி

பதில்: சேர்ப்பார்கள், சகோதரி. பட்டம் முடித்தவர்கள் சேரும் மூன்றாண்டு எல்.எல்.பி.க்குத் தமிழ்நாட்டில் வயது வரம்பு கிடையாது. சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் ஒரு சமயம் 30 வயதுதான் எல்லை என்று விதி போட்டது உண்மைதான், ஆனால் 2017 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்துவிட்டது. உங்களிடம் "வயசாயிடுச்சே" என்று சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

உங்கள் வயதைவிட சான்றிதழ்களின் வரிசையைத்தான் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்று ஒழுங்காக இருக்க வேண்டும். பிளஸ் டூவே படிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, தபால் வழிப் பட்டம் என்பதும் குறையில்லை. பட்டத்தில் பொதுவாக 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லாமல் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுவதால், 48-ஐ வைத்துக்கொண்டு சீட் நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பு வந்ததும் போட்டுவிடுங்கள். மதுரை, தேனி இரண்டையும் விருப்பத்தில் கொடுங்கள், மதுரைக்கு நீங்கள் தினமும் பஸ்ஸில் போய்வரவும் முடியும்.

வேலை விஷயத்தில்தான் கஷ்டம். சட்டப் படிப்பைத் தபாலில் படிக்க முடியாது, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். பகல் முழுக்க ஆலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சமாளிப்பது நடக்காத காரியம். "பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வெளிமாநில லெட்டர்பேடு கல்லூரிக்கு ஆள்பிடிக்கும் புரோக்கர் யாராவது வந்தால் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள், பின்னால் வக்கீலாகப் பதிவு செய்யப் போகும்போது வருகைப் பதிவேட்டைக் கேட்டால் அந்த ஆள் போனையே எடுக்கமாட்டார்.

படித்து முடித்தபிறகும் ஒன்று இருக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது. அதனால் மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு சீனியரிடம் வருமானம் நிலையில்லாத சில வருடங்கள், இதற்கெல்லாம் சேர்த்துப் பணக் கணக்குப் போடுங்கள். அது உங்கள் தொழில்தானே, என்னைவிட நன்றாகப் போடுவீர்கள்! என் அபிப்பிராயம் கேட்டால், வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் சேருங்கள். உங்கள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்றால், கொஞ்சம் சேமித்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள். சொத்து வழக்கில் பத்திரமும் வரவு செலவும் படிக்கத் தெரிந்த ஜூனியருக்கு மதிப்பு உண்டு, அந்த விதத்தில் இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகளைவிட நீங்கள் ஒரு படி மேலேதான்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு எல்.எல்.பி. முடித்துவிட்டேன். 45 வயது தாண்டியவர்களை வக்கீலாகப் பதிவு செய்யமாட்டார்கள் என்கிறாரே ஒரு நண்பர்? - ஒரு வாசகர்

பதில்: அந்த விதியைச் சுப்ரீம் கோர்ட் 1995-லேயே ரத்து செய்துவிட்டது, ஐயா. தைரியமாகப் போய்ப் பதிவு செய்யுங்கள், அப்புறம் தொழில் செய்யத் தேவைப்படும் அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிடுங்கள், தமிழிலேயே எழுதலாம். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, கட்டும்போது ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.