நிமிர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறதே!

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலமானால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே பாரம் ஏற்றியதுபோல வலி. நிமிர்ந்து உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் இடுப்பு வலிக்கிறது, மறுபடி கூன் விழுகிறது. என்ன பயிற்சி செய்யலாம்? தோளை இழுத்துப் பிடிக்கும் பெல்ட் வாங்கலாமா?

பதில்: நிமிரும்போது இடுப்பு வலிக்கிறது என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தகவல். கழுத்துக்குக் கீழே, விலா எலும்புகள் வந்து சேரும் 12 முள்ளெலும்புகள்தான் உங்கள் மேல்முதுகு. மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் அந்தப் பகுதி இறுகிப்போகும். பிறகு நெஞ்சை நிமிர்த்த நினைத்தாலும் அது அசைந்து கொடுக்காது. அந்த வளைவையும் சேர்த்து இடுப்பு சுமக்கிறது, அதனால் வலிக்கிறது. பெல்ட் தோளைப் பின்னுக்கு இழுக்குமே தவிர இறுகிய முதுகை இளக்காது. வாங்க வேண்டாம்.

முதலில் டவல் பயிற்சி. குளியல் டவலை இறுக்கமாக, 8 செ.மீ. தடிமனுக்குச் சுருட்டி இரண்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக டவலைக் குறுக்கே வையுங்கள். இரு கைகளாலும் பின்தலையைத் தாங்கி, மூச்சை விட்டபடியே மேல்முதுகை டவல்மேல் மெல்லச் சாயவிடுங்கள். 5 முறை போதும். பிறகு டவலை இரண்டு விரற்கடை மேலே நகர்த்தி இன்னொரு 5 முறை. கழுத்துக்கோ இடுப்புக்கோ அடியில் வைக்கவே கூடாது. பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: இடுப்பு வில்லாக வளைந்து, கீழ்விலா மேலே துருத்தும். அப்படியானால் டவல் தடிமன் அதிகம், மெல்லியதாகச் சுருட்டுங்கள்.

அடுத்தது திருப்பம். இடதுபுறம் ஒருக்களித்துப் படுங்கள், தலைக்குத் தலையணை. இரு முழங்கால்களையும் இடுப்பளவுக்கு மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கைகளை முன்னே நீட்டி உள்ளங்கைகளைச் சேருங்கள். மேல்கையைப் புத்தகம் விரிப்பதுபோலப் பின்னால் கொண்டுபோங்கள், பார்வையும் கூடவே போகட்டும். அங்கே இரண்டு முழு மூச்சு. பக்கத்துக்கு 8 முறை. கை தரையைத் தொட வேண்டும் என்று அவசரப்பட்டால் தோளின் முன்பக்கம்தான் இழுபடும், முதுகு திரும்பாது. நெஞ்செலும்பு எவ்வளவு திரும்புகிறது என்பதையே கவனியுங்கள். மேல்முழங்கால் விலகினால் இடுப்புதான் திரும்புகிறது என்று அர்த்தம்.

இவ்விரண்டும் தினமும். வாரம் மூன்று நாள் இதையும் சேருங்கள்: குப்புறப் படுத்து, மடித்த துணிமேல் நெற்றியை வைத்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல் மேல்நோக்க இரண்டு அங்குலம் தூக்கி 3 விநாடி நிறுத்துங்கள். 8 முறை, இரண்டு சுற்று. தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. இளகிய முதுகைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் தசைகள்தான்.

வேலையின்போது விறைப்பாகவே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடங்கள்.

எலும்பு பலவீனமாகும் எலும்புப்புரையோ (ஆஸ்டியோபோரோசிஸ்) பழைய முதுகெலும்பு முறிவோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் டவல் பயிற்சி வேண்டாம். கை மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை: நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, இடுப்பை அசைக்காமல் இருபுறமும் திரும்பி, சுவரில் எதுவரை தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாகத் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் திரும்பும் புத்தகம் விரிப்பதுபோன்ற பயிற்சியை 4 முறை கூடுதலாகச் செய்யுங்கள்.