வெட்டுக்கிளி எதை மோந்து, எதைத் தின்கிறது? கேள்வி பதில்

பூச்சியியல் படித்தவன் என்பதால் மதுரைப் பக்கத்து விவசாயிகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து: ஐயா, எங்கள் மானாவாரிக் காட்டில் வெட்டுக்கிளி இளஞ்சோளத்தை விட்டுவிட்டு வரப்புப் புல்லைத்தான் தின்கிறது. ஏன்?

நல்லாக் கவனித்திருக்கிறீர்கள். இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே நஞ்சுதான் காரணம். சோளக் குருத்தில் துரின் என்ற பொருள் இருக்கிறது. இலையைக் கடித்ததும் அதிலிருந்து சயனைடு கிளம்பும். வெட்டுக்கிளியின் வாயோரம் நான்கு குட்டி உறுப்புகள் இருக்கும். ஒரு இலையில் உட்கார்ந்ததும் அவற்றால் படபடவென்று தட்டிப் பார்க்கும். இலை மேலிருக்கும் மெழுகின் ருசி அதிலேயே தெரிந்துவிடும். முதலில் லேசாகக் கடித்துப் பார்த்து விலகும். இப்படிச் சில தடவை ஆனபின் தட்டிப் பார்த்ததுமே ஒதுங்கிவிடும். இவ்வளவு சின்னப் பூச்சி பட்டதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் பயிர் முற்ற முற்ற இலையில் துரின் குறையும், அப்போது அதே சோளத்தைத் தின்னும். அதனால் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

மேலூரிலிருந்து ஓர் அம்மா: செடியைக் கண்ணால் பார்த்து வருகிறதா, வாசம் பிடித்தா?

இரண்டும்தான், அம்மா. புல் அறுக்கும்போது பச்சை வாசம் வருமே, அதை உணர்கொம்பு பிடித்துக்கொள்ளும். பசித்த பாலைவன வெட்டுக்கிளி அந்த வாசத்துக்குக் காற்றை எதிர்த்து நடந்து வரும். ஆனால் தின்பதா வேண்டாமா என்பதை வாய்தான் முடிவு செய்யும்.

கல்லூரி மாணவர்: கூட்டம் சேர்வதற்கும் வாசம்தான் காரணமா சார்?

புலம்பெயர் வெட்டுக்கிளியில் ஆமாம், தம்பி. நான்கைந்து ஒன்றாகச் சேர்ந்தாலே 4-வினைல் அனிசோல் என்ற மணப்பொருளை வெளிவிடத் தொடங்கும். அது மற்றவற்றை இழுக்கும். சீன விஞ்ஞானிகள் 2020-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். பாலைவன வெட்டுக்கிளியிலோ நெரிசலில் பின்னங்காலில் உரசல் பட்டாலே தனியாகத் திரியும் குணம் மாறிக் கூட்டம் சேரத் தொடங்கும்.

திருமங்கலத்திலிருந்து: எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக மொய்க்கிறது. 2020-ல் வடநாட்டில் வந்த கூட்டமா?

இல்லை, பயப்படாதீர்கள். வடநாட்டில் வந்தது பாலைவன வெட்டுக்கிளி, இது எருக்கு வெட்டுக்கிளி. அதே 2020 மே மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் மக்கள் பதறியபோதும் எருக்கில் இருந்த பூச்சிகள் பாலைவன வெட்டுக்கிளி இல்லை என்றுதான் தெரிந்தது. எருக்கு வெட்டுக்கிளி எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டு, தொட்டால் பீய்ச்சும். சிறுபிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: அண்ணே, வேப்பங்கொட்டைச் சாறு கேட்குமா?

1959-ல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளி இறங்கியபோது வேம்பு மட்டும் பச்சையாக நின்றதை ஒரு ஜெர்மானியப் பூச்சியியலாளர் பார்த்தார். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் வாயில் பட்டாலே அந்த இனம் ஒதுங்கும். எல்லா இனமும் அப்படி இல்லை, அதனால் முதலில் ஒரு பாத்தியில் அடித்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு, இலையில் ஒட்டக் கொஞ்சம் காதி சோப்பு. சாயங்காலம் அடியுங்கள், வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும்.