பழைய பைக்கா, புதிய பைக்கா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இன்ஜினையும் மைலேஜையும் பற்றியவை. ஆனால், கடிதங்களை முழுவதுமாகப் படித்துப் பார்த்தால், பணத்தை இழக்கும் நிலையில் இருப்பவர்களில் பலருக்கு ஆர்.சி. புத்தகத்தில்தான் சிக்கல் இருக்கிறது. இன்ஜின் கெட்டால் ஊரில் உள்ள பட்டறையில் சரிசெய்துவிடலாம். ஆவணம் சரியில்லாத வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. ஆகவே, ஆவணம் தொடர்பான கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னுடன் வேலை பார்ப்பவர், கே.ஏ. 51 பதிவெண் கொண்ட தன் 125 சி.சி. பைக்கை, இங்கே கேட்கும் விலையைவிட நல்ல குறைவான விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (ஓசூர்)

வாங்கலாம்; ஆனால் அந்த விலையோடு இன்னும் சில செலவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நீங்கள் ஓசூரில் குடியிருப்பதால், வண்டி டி.என். 70 பதிவெண்ணுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கு, வண்டி முதலில் பதிவான கர்நாடக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமையாளர் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அங்கே நிலுவையில் உள்ள அபராதங்களைக் கட்டியிருக்க வேண்டும். வண்டி கடனில் வாங்கப்பட்டதாக இருந்தால், வங்கியின் கடிதத்துடன் படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். அதன் பிறகே ஓசூர் அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரியைச் செலுத்தி, புதிய எண் பெற முடியும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் எஞ்சிய காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும், விலை பேசும்போது அந்தத் தொகையைக் கையில் இருக்கும் பணமாகக் கணக்கிடாதீர்கள்.

வெளிமாநில எண்ணோடு 12 மாதங்கள் ஓட்டலாம் என்று பலர் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அளிக்கும் அந்த அவகாசம் பதிவெண்ணை மாற்றுவதற்கு மட்டுமே உரியது. வாங்கியவர் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க 30 நாள்தான் இருக்கிறது. தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை முன்பணம் மட்டும் கொடுத்து, மீதியை நிறுத்தி வையுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது, ஹேண்டில் பாருக்குக் கீழே சட்டகத்தின் கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணின்மீது வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பதிவெண் மாற்றத்தின்போது அலுவலகத்திலும் இதையே கேட்பார்கள். எண் குத்திய இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பைக்கை ஒரு தரகர் மூலம் விற்றேன். இப்போது வேறு ஊரில் ஹெல்மெட் அணியாமல் சென்றதற்கான அபராதம் என் செல்பேசிக்கு வருகிறது. என்ன செய்வது? (பென்னாகரம்)

விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் தேதியோ வாங்குபவர் பெயரோ இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் பகுதியில் பழைய வண்டி வியாபாரத்தில் இதுதான் வழக்கமாக இருக்கிறது. அதனால் ஒரே கையெழுத்தில் வண்டி மூன்று, நான்கு கை மாறினாலும் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே நிற்கிறது. அபராதத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே சட்டம் உரிமையாளராகக் கருதுகிறது. பெயர் மாறாமல் பலரிடம் கைமாறிய ஒரு வாகனம் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவு பெற்ற உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வண்டிக்குக் காப்பீடு இல்லாத நாளில் விபத்து நடந்தால், கேட்கப்படும் தொகை ஒரு குடும்பத்தின் நிலத்தையே விழுங்கிவிடும்.

முதலில் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டு, காப்பீடு எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பாருங்கள். தரகர் மூலம் இப்போதைய ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால், அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பெயர் மாற்றத்தை முடிப்பதே நல்லது. முடியவில்லை என்றால், விற்ற தேதி, பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், தரகரின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்பு இதனால் தானாக நீங்கிவிடாது. ஆனாலும், பின்னால் வழக்கு ஏதாவது வந்தால் உங்கள் பக்கம் நிற்கும் ஆவணங்கள் இவைதாம். இனி விற்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பாத படிவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காலமான அப்பாவின் ஸ்ப்ளெண்டரை என் பெயருக்கு மாற்ற வேண்டும். அது முடியுமா? (அரூர்)

முடியும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றுடன் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறந்த 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வாரிசு மூன்று மாதங்கள்வரை அந்த வண்டியை ஓட்டலாம். அதற்குள் விண்ணப்பத்தையும் கொடுத்துவிட வேண்டும். காலம் கடந்திருந்தாலும் தயங்காமல் விண்ணப்பியுங்கள். வண்டி 15 ஆண்டுகளை நெருங்குவதாக இருந்தால், பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25-ஐயும் சேர்த்தே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஊத்தங்கரை)

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது உங்கள் ஊரில் வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை மாநிலமே பார்த்தது. அப்படி நீரில் கிடந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, பல கை மாறி, வேறு ஊர்ச் சந்தைக்கும் வரக்கூடும் என்பதால், இந்தக் கேள்வி எல்லோருக்கும் உதவும்.

வெளித்தோற்றத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சீட்டைக் கழற்றி, பேட்டரி இருக்கும் பெட்டியின் மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள். நுண்ணிய வண்டல் மண் ஒட்டினால் சந்தேகப்பட வேண்டும். முகப்பு விளக்கைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால், அதன் பின்னால் வயரிங் இணைப்புகள் கொத்தாக இருக்கும். அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும்போது பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தால், தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கக்கூடும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மண் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவுக்கம்பியில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி நீரில் மூழ்கியிருந்தால், பிரித்துக் கழுவி, ஆயிலை மாற்றிப் பிழைக்க வைத்துவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்ட) வண்டியில் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் சென்சார்களும் இருக்கின்றன. அவை நனைந்தால் இன்று நன்றாக ஓடும் வண்டி மூன்று மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

தக்காளி கிரேடுகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து மண்டிக்குப் போக வேண்டும். பழைய 125 சி.சி. பைக் வாங்கலாமா, அல்லது புதிய எக்ஸ்.எல். 100 வாங்கலாமா? (பாலக்கோடு)

உங்கள் வேலைக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 பொருத்தமானது. 99.7 சி.சி. இன்ஜின், கியர் மாற்றும் வேலை இல்லை, முன்னால் கால் வைக்கும் இடம் தட்டையாக இருப்பதால் ஒரு கிரேடையோ பால் கேனையோ அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வண்டி எடை குறைவானது என்பதால், வரப்போரச் சேற்றில் சிக்கினாலும் ஒருவரே தள்ளி வெளியே எடுத்துவிடலாம். பெட்ரோல் டேங்க் 4 லிட்டர்தான் என்பது குறை. மேட்டில் சுமையோடு ஏறும்போது வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டாரை ஏற்றிக்கொண்டு தருமபுரிவரை போகவும் வேண்டும் என்பதால் 125 சி.சி.தான் வேண்டும் என்று நினைத்தால், ஏற்கெனவே சுமை ஏற்றிய வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். சுமை ஏற்றிய அடையாளம் பின்பக்கத்தில் தெரியும். நடு ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் போய்விட்டது. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல ஒருபக்கம் சாய்ந்திருந்தால், செயினோடு முழு செட்டையும் மாற்ற வேண்டும். பின்பு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் தடுக்கி நின்று நகர்ந்தால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவைதாம், செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று: நீங்கள் போய்ச் சேரும்போது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் செய்யப்பட்டுச் சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜினை முதல்முறை கிளப்பும்போதுதான் நீலப் புகையும் டைமிங் செயின் சத்தமும் மறைக்க முடியாமல் வெளியே வரும்.

பி.எஸ். 4 வாங்கலாமா, பி.எஸ். 6 வாங்கலாமா? (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்)

ஊர்ப் பட்டறையையே நம்பியிருப்பவருக்கு, நல்ல நிலையில் உள்ள பி.எஸ். 4 வண்டி எளிது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் அதன் ரப்பர்க் குழாய்கள் விரைவில் பழுதாகலாம். அவற்றைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஸ். 6 வண்டியில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே அது எரியவில்லை என்றால், கோளாறை மறைக்க அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

பள்ளி ஆசிரியர் நான். தினமும் மோசமான சாலையில் கிராமத்துக்குப் போய்வரப் புதிய 100 சி.சி. பைக் வாங்க நினைக்கிறேன். எது நல்லது? (காரிமங்கலம்)

முதலில் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டி விற்பவர்களில் பலர் இன்னும் அதற்கு முந்தைய புது விலையை மனத்தில் வைத்தே விலை சொல்கிறார்கள். ஆகவே, இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடிய பைக்கைப் பார்ப்பவர்களும், ஷோரூமில் ஆயுள் வரி, ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து இன்றைய விலையை எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். வித்தியாசம் சிறியதாக இருந்தால், புதியதே மேல்.

ஹோண்டா ஷைன் 100, 99 கிலோ எடை கொண்டது. சீட் உயரமும் குறைவு என்பதால், உயரம் குறைந்தவர்களுக்கும் முதன்முதலாகக் கியர் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன். டேங்க் 9 லிட்டர். டி.வி.எஸ். ஸ்போர்ட்டின் இன்ஜின் 109.7 சி.சி.; இருவர் அமர்ந்து மேடு ஏறும்போது அந்தக் கூடுதல் இழுவையை உணரலாம். பஜாஜ் பிளாட்டினா 100-இன் சிறப்பு அதன் மென்மையான சஸ்பென்ஷனும் நீண்ட சீட்டும். குண்டும் குழியுமான கிராமச் சாலையில் முதுகுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 11 லிட்டர் டேங்க் என்பதால், பெட்ரோல் பங்க் தொலைவில் உள்ள ஊர்களுக்கும் ஏற்றது. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், எச்.எஃப். டீலக்ஸ் இரண்டுமே 97.2 சி.சி.; ஓட்டுவதில் தனிச்சிறப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும், உதிரிபாகம் கிடைக்காத ஊரும் இல்லை, விற்கும்போது ஆள் கிடைக்காத நாளும் இல்லை.

உங்கள் சாலை மோசமானது என்று எழுதியிருப்பதால், பிளாட்டினாவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும், பெட்ரோலை அடிமட்டம்வரை தீரவிட்டு ஓட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். டேங்குக்குள் எரிபொருள் பம்பு அமைந்துள்ள வண்டிகளில் அந்தப் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான்.

தினமும் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போய்வருகிறேன். டிரம் பிரேக் மட்டும் உள்ள 100 சி.சி. வண்டி போதுமா? (நல்லம்பள்ளி)

போதாது என்றே சொல்வேன். அந்த நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிடிமானம் குறையும்; பின்னால் வரும் சுமை லாரிக்கும் அதே சிக்கல் இருக்கிறது. முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள 125 சி.சி. வண்டியைத் தேர்ந்தெடுங்கள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியோடு வரும் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125 ஆர் போன்றவை இன்னும் நல்லவை. இப்போதைய வண்டியை மாற்றும்வரை, இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டோ, பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை நிறுத்திவிட்டோ ஒருபோதும் இறங்காதீர்கள். பிரேக் பேனலில் உள்ள தேய்மானக் குறி எல்லையைத் தொடும் முன்பே லைனரை மாற்றிவிடுங்கள்.