கைப்பிடியைக் கழற்றிய நாள்

கேள்வி: ஊரடங்கு, எல்லை மூடல், தடுப்பூசி என்று பெரிய முடிவெல்லாம் மேலேயே எடுத்துவிடுகிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் நகர மன்றம் என்று ஒன்று எதற்கு?

பதில்: மேலே இருப்பவர்கள் உத்தரவு போடுவார்கள், சரி. ஆனால் குழாயில் வரும் தண்ணீர், தெருமுனைக் குப்பை, சந்தையை எங்கே மாற்றுவது, இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்வது, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டிக் கேட்பது, இதெல்லாம் கடைசியில் உள்ளாட்சியின் தலையில்தான் விழும். இன்னொன்று, 2020-இல் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்ட 'தனிமைப்படுத்தல்' என்பதற்கு ஆரம்பகால சட்டம் போட்டதே ஒரு துறைமுக நகரத்தின் மன்றம்தான், எந்தச் சக்கரவர்த்தியும் இல்லை. இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக், அன்று ரகூசா. பிளேக் பரவிய ஊரிலிருந்து வருபவர்கள் வெளியே ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் நகரத்துக்குள் வரலாம் என்று 1377-இல் தீர்மானம் போட்டார்கள். பிற்பாடு அது நாற்பது நாளாயிற்று. 'குவாரண்டைன்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அந்த இத்தாலிய நாற்பதுதான். கடல் வாணிபத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது, கவனியுங்கள். துறைமுகத்தை இழுத்து மூடவில்லை, வந்தவனை வாசலிலேயே உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எப்படியும் எல்லா நகரமும் ஒருநாள் மூடத்தான் போகிறது. பத்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன குடிமுழுகிவிடும்?

பதில்: முழுகியிருக்கிறது. 1918 இன்ஃப்ளூயன்ஸாவின்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செப்டம்பர் மாதமே கடற்படைத் தளத்தில் ஆட்கள் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். போர்க் கடன் பத்திரம் விற்பதற்காக 28-ஆம் தேதி ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது, நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், நகரச் சுகாதாரத் தலைவர் வில்மர் க்ரூசன் நிறுத்தவில்லை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் தெருவில் தோளோடு தோள் உரசி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றே நாளில் நகரத்து மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாவற்றையும் அக்டோபர் முதல் வாரத்தில் மூடினார்கள், ஆனால் அதற்குள் நோய் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதே அக்டோபரில் செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஊருக்குள் நோய் தெரிந்த ஓரிரு நாளிலேயே சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் மேயரின் ஒப்புதலோடு கூட்டம் கூடும் இடங்களை மூட வைத்தார். வியாபாரிகள் சும்மா இருந்திருப்பார்களா, முணுமுணுக்கத்தான் செய்தார்கள். நோய் உச்சத்தில் இருந்த வாரத்தில் பிலடெல்பியாவில் லட்சம் பேருக்கு 257 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தார்கள், செயின்ட் லூயிஸில் 31. இரண்டு நகரமும் போட்ட உத்தரவு அநேகமாக ஒன்றுதான், நோய் தெரிந்து எத்தனை நாளில் போட்டார்கள் என்பதுதான் வேறு. அதற்காக செயின்ட் லூயிஸைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம்; நவம்பரில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், நோய் திரும்பி வந்தது, மறுபடி பூட்டினார்கள்.

கேள்வி: மக்கள் பீதியடைவார்கள் என்று கணக்கைக் கொஞ்ச நாள் மறைத்து வைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

பதில்: பீதி என்று சொல்வார்கள், மனதில் இருப்பது பெரும்பாலும் கப்பலும் கடையும்தான். 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் காலரா வந்தபோது, ஊரை ஆண்ட செனட் அதை வெளியே சொல்லத் தயங்கியது; சொன்னால் துறைமுகம் படுத்துவிடும். போதாக்குறைக்கு எல்பே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள், வடிகட்டும் வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான், இன்னும் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த பிறகு எடுத்தது, ஆனால் வடிகட்டிக் குடித்தது. இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்க வீடுகளில் காலரா, எதிர்ப்பக்கத்தில் இல்லை. நேரில் பார்க்கப் போன கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்குக்கு, காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மறைத்த துறைமுகமும் படுத்துத்தான் போனது.

கேள்வி: முகக்கவசம் போடச் சொல்லிவிட்டு மேயரே போடாமல் திரிந்தால் என்ன செய்வது?

பதில்: அபராதம் போடலாம். 1918-இல் சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் குத்துச்சண்டை பார்க்கப் போய், முகக்கவசம் ஒழுங்காக இல்லாமல் புகைப்படத்தில் மாட்டிக்கொண்டார், 50 டாலர் கட்டினார். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

கேள்வி: நோய் தானாகவே அடங்கியிருக்கும், பிறகு 'எங்கள் நடவடிக்கையால்தான் குறைந்தது' என்று மார்தட்டுவார்கள். நான் சொல்வது தவறா?

பதில்: பாதி சரி. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் பத்தே நாளில் 500 பேருக்கு மேல் காலராவில் இறந்தார்கள். அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ போய்ச் சொல்ல, அந்த வட்டாரத்து நிர்வாகக் குழுவினர் அரைமனதோடு சம்மதித்து செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அன்றைக்குள் சாவு குறைய ஆரம்பித்துவிட்டது, பாதிப்பேர் தெருவைவிட்டே ஓடிப்போயிருந்தார்கள், ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டார். உங்கள் வாதம் இதுவரை ஜெயிக்கிறது.

ஆனால் பின்னால் விசாரித்தபோது வேறொன்று தெரிந்தது. பம்புக்கு எதிரே 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய தண்ணீர் போய் விழுந்த மலக்குழி, ஒழுகிக் கிணற்றில் கலந்துகொண்டிருந்தது. குழந்தையின் அப்பாவுக்கும் காலரா வந்தது. வந்த நாள், கைப்பிடியைக் கழற்றிய அதே செப்டம்பர் 8. அவருடைய துணிகளும் அந்தக் குழியில்தான் போயிருக்கும், அந்தக் கிணற்றில்தான் கலந்திருக்கும். மேலே பம்பில் கைப்பிடி இல்லை.