சினார் சிவக்கும் வாரம்

கேள்வி: எங்கள் திருமணம் தை மாதம். அதற்கு முன்பு காஷ்மீரில், மலைப் பின்னணியில், சிவந்த இலையுதிர்கால மரங்களுக்கு நடுவே புகைப்படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். ஆயுத பூஜை விடுமுறையில் குல்மார்க்கில் இரண்டு நாள், ஸ்ரீநகரில் ஒரு நாள் என்று புகைப்படக்காரர் திட்டமிட்டிருக்கிறார். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறதா? – வாசகி, கோவை.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, ஊர் சரி. தேதியும், நாள்களைப் பிரித்த விதமும், வருத்தத்தோடு சொல்கிறேன், புடவையின் நிறமும் மாற வேண்டும்.

ஆயுத பூஜை சமயத்தில் ஸ்ரீநகரின் சினார் மரங்கள் பெரும்பாலும் பச்சையாகத்தான் நிற்கும். பகல் குறுகி இரவுகள் நன்றாகக் குளிர்ந்த பிறகே இலையின் பச்சையம் சிதைந்து மஞ்சளும், பின்னர் செம்பு நிறமும் ஏறும். நீங்கள் தேடும் சிவப்பு, அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள்தான் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே பள்ளத்தாக்கில் பனி கொட்டியது. ஆகவே படப்பிடிப்புக்கு இரண்டு நாள் என்றால் மூன்றாவதாக ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயரே போகப் போக நிறம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் ஊசியிலை மரங்கள். எந்தப் பருவத்திலும் பச்சையாக இருப்பவை. சினாரின் வீடு கீழே, சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீநகர்தான். அங்கே நிஷாத் தோட்டத்தை மாலைக்கு ஒதுக்குங்கள். அது ஜபர்வான் மலையின் அடிவாரத்தில், தால் ஏரியைப் பார்த்தபடி மேற்கு நோக்கி அடுக்கடுக்காக இறங்குவதால், காலையில் மலைக்குப் பின்னாலிருந்து வெயில் தாமதமாகவே வந்து சேரும். மாலையிலோ ஏரியின் மேல் தாழ்ந்த சூரியன் நேராக மரங்களின் மீது விழ, இலை ஒவ்வொன்றும் உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். நவம்பர் தொடக்கத்தில் ஐந்தே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதால், மூன்று மணிக்கே உடுத்தித் தயாராக இருங்கள். காலைப் பொழுதுக்கு, காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள நசீம் பாக் என்ற சினார் தோப்பு ஏற்றது. வளாகத்தினுள் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். பாதுகாப்புக் காரணங்களால் சில சுற்றுலா இடங்கள் மூடப்படுவதும் உண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள்.

சருகுகள் தரையில் விரிப்பாகக் கிடக்க, அவற்றின் மேல் நடந்துவரும் படங்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அதே சருகைப் பெருக்கிக் குவித்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி, குளிர்காலத்தில் காங்கிரி என்ற கணப்புச் சட்டியில் இடுவது அவ்வூர் வழக்கம். பெருக்குகிறவர்களைப் படத்துக்காக விரட்டுவது அழகன்று. அவர்கள் கை வைக்காத ஓரத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

இனி புடவை. செம்பு நிற இலைகளுக்கு நடுவே அரக்குப் பட்டு கரைந்துபோகும்; முகம் மட்டும் தனியாக மிதக்கும். மயில் கழுத்து நிறமோ சந்தன நிறமோ எடுத்துச் செல்லுங்கள். அரக்கு முகூர்த்தத்துக்கு இருக்கட்டும். பட்டு குளிர் தாங்காது. முழுக்கை ரவிக்கைக்கு உள்ளே தெர்மல் அணிந்து, ஒவ்வொரு படத்துக்கும் இடையில், காஷ்மீரிகள் அணியும் தளர்ந்த நீள அங்கியான ஃபெரனைப் போர்த்திக்கொள்ளுங்கள். நடுங்கும் மணப்பெண்ணின் சிவந்த மூக்கை எந்த ஒப்பனையும் மறைக்காது.

மிச்சமிருக்கும் அரை நாளில் ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள பாம்பூர் போகலாம். அதே வாரங்களில்தான் அங்கே குங்குமப்பூ வயல்கள் ஊதா நிறத்தில் பூக்கின்றன. உரிமையாளரைக் கேட்டு, வரப்பில் நின்று எடுங்கள்; வயலுக்குள் இறங்க வேண்டாம். இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. உங்களில் ஒருவரிடமும் புகைப்படக்காரரிடமும் போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.