விளிம்பைப் பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பழைய வெளிநாட்டுக் காசுக்குப் பஞ்சமே கிடையாது. எஸ்டேட் துரைமார், மிஷனரிகள், வெலிங்டன் ராணுவ முகாம், இப்போது லண்டன் போய்வரும் பேரப்பிள்ளைகள் என்று யார் கையிலோ வந்து டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே காசின் பக்கவாட்டு விளிம்பையும் அதிலுள்ள எழுத்தையும் பற்றியவை.

அண்ணன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பவுண்டு நாணயம். ராணியின் முகம் மழுங்கிவிட்டது, பக்கவாட்டு எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது. போலியா? (குன்னூர்)

அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல காசும் அப்படித்தான் தேயும். முகம் மேடாக இருப்பது. கல்லாப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று உரசும்போது ராணியின் கன்னமும் முடியும்தான் முதலில் அடி வாங்கும். விளிம்பெழுத்தோ உள்ளே குழிந்திருப்பது. சுற்றியுள்ள உலோகம் அந்தக் குழியின் ஆழத்துக்குத் தேய்ந்தால்தான் எழுத்து அழியும். அதற்கு முன்பே ராணி வழுக்கையாகிவிடுவார்.

குழிவெழுத்துக்கு உண்மையான எதிரி உரசல் அல்ல, விழுவதுதான். சிமென்ட் தரையில் விழும் காசின் ஓரம் நசுங்கி, உலோகம் விளிம்பின் மேல் லேசாக மடிந்துவிடும். லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்கும், தலையும் காலும் மட்டும் மூடியிருக்கும். 1983 முதல் 2017 வரை புழங்கிய அந்த வட்டப் பவுண்டு 3.15 மில்லிமீட்டர் தடிமன். எழுத்துக்கு மேலும் கீழும் இடம் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. 2.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 2 யூரோவுக்கு அந்த வசதி குறைவு.

சரி, போலியா என்ற கேள்வி. கேட்டதில் தப்பில்லை, கடைசி ஆண்டுகளில் புழங்கிய வட்டப் பவுண்டுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று போலி. எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கப் படத்தோடு வாசகம் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வேல்ஸின் லீக் செடி இருக்கும் காசில் வேல்ஸ் மொழி வாசகம் இருக்க வேண்டும். அங்கே ‘டெக்கஸ் எட் டுடாமென்’ என்ற லத்தீன் இருந்தால் காசை ஓரமாக வைத்துவிடுங்கள்.

பவுண்டின் விளிம்பெழுத்து முகத்துக்குத் தலைகீழாக இருக்கிறது. அச்சுப் பிழை என்று விற்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். பவுண்டிலும், ஜனாதிபதிகளின் முகம் பதித்த அமெரிக்க டாலர் காசிலும் விளிம்பெழுத்துக்கும் முகத்துக்கும் மேல் கீழ் சம்பந்தமே கிடையாது. பாதிக்குப் பாதி தலைகீழாகத்தான் இருக்கும்.

2007 வாஷிங்டன் டாலர் ஒன்று கிடைத்தது. விளிம்பில் ஒரு எழுத்தும் இல்லை. லட்சக்கணக்கில் போகும் என்கிறார் கடைக்காரர். தேய்ந்துபோனதா, அபூர்வமா? (கொடைக்கானல்)

இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம். அந்த டாலரில் ஆண்டு, ‘இ ப்ளூரிபஸ் உனும்’ என்ற லத்தீன் வாசகம், ‘இன் காட் வி டிரஸ்ட்’ (கடவுளை நம்புகிறோம்) எல்லாம் விளிம்பில்தான். முகத்தை அச்சடித்த பிறகு வேறொரு இயந்திரத்தில் உருட்டி எழுத்தைப் பதித்தார்கள். அந்த இயந்திரத்துக்குள் போகாமலேயே ஆயிரக்கணக்கான காசுகள் வெளியே வந்துவிட்டன. கடவுள் பெயரே இல்லை என்று அமெரிக்காவில் பெரிய பேச்சானது. 2009-இல் அந்த வாசகத்தை முகத்துக்கே மாற்றிவிட்டார்கள்.

தேய்மானத்தில் எழுத்து போயிருந்தால் வாஷிங்டன் முகமும் போயிருக்கும். முகம் கூர்மையாக இருந்து விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று இருந்தால் இரண்டே வழி: ஆலையில் விட்டுப்போனது, அல்லது யாரோ அரத்தால் ராவியது. விட்டம் அளக்கும் வெர்னியர் அளவுகோலும் நகைக்கடைத் தராசும் போதும். விட்டம் 26.5 மில்லிமீட்டர், எடை 8.1 கிராம் இருக்க வேண்டும். ராவியிருந்தால் இரண்டும் குறையும். லென்ஸில் ஒரே திசையில் ஓடும் கீறல்களும் தெரியும். உங்கள் கடைக்காரர் சொன்ன லட்சக் கணக்கை நம்பாதீர்கள், அவ்வளவு அபூர்வமல்ல. குழந்தையை முதுகில் சுமக்கும் பெண் உள்ள அமெரிக்க சகாஜவேயா டாலர் என்றால் 2008 வரை வெறும் விளிம்புதான். அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பாட்டியின் கழுத்துச் சங்கிலியில் கிடந்த பெரிய வெள்ளிக்காசு, 1780 என்று இருக்கிறது. விளிம்பெழுத்து ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டது. (ஊட்டி)

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மரியா தெரேசா தாலர், ஆஸ்திரிய மகாராணியின் முகம் பதித்த வெள்ளிக்காசு. இதன் விளிம்பெழுத்து குழிவல்ல, புடைப்பு. அதனால் எது உரசினாலும் முதலில் தேய்வது அதுதான். வளையம் பற்றவைத்த இடத்தில் சூட்டிலும் அரத்திலும் போயிருக்கும். மற்ற இடத்தில் பக்கத்துக் காசு உரசியிருக்கும். பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது, வெள்ளி விலைதான். ஆண்டைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். எப்போது அடித்தாலும் 1780 என்றே போடுவார்கள். 1940-களில் பம்பாய் ஆலையில்கூட அடித்திருக்கிறார்கள். கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம் என்பதே என் கட்சி.

நம் ஊர் காசில் இப்படி எழுத்து உண்டா? (கூடலூர்)

இன்று புழங்கும் காசுகளில் இல்லை. ஆனால் 1940-களின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றியுள்ள வரிவரியான பற்களுக்கு நடுவே ஒரு பள்ளம், அதற்குள் பூவேலை. 1992-இல் வந்த கனமான ஐந்து ரூபாயிலும் அதே ஏற்பாடு. பள்ளத்துக்குள் இருப்பதால், முகத்தில் சிங்கத் தலை தேய்ந்த காசில்கூட அது மிச்சமிருக்கும்.

விளிம்பெழுத்துக்குள் கறுப்பு அழுக்கு. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மீண்டும் குன்னூர்)

குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் பித்தளைக் காசைச் செம்புநிறமாக்கிவிடும், அப்புறம் அதைத் திருப்ப முடியாது. விபூதியும் கோலமாவும் பள்ளத்தின் ஓரங்களை மழுக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கலப்பில்லாத அசிட்டோன், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி. அதற்கும் போகாத கறுப்பு அழுக்கல்ல, காசின் நிறம், விட்டுவிடுங்கள். நன்றாக உலர்த்தியபின் பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் போடாதீர்கள். நம் ஈரத்தில் அது பச்சையாகக் கசியும், முதலில் தேங்குவது விளிம்புப் பள்ளத்தில்தான். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் போட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் வையுங்கள். ஜூன் மழைக்கு முன் அந்த ஜெல்லை மாற்றிவிடுங்கள். கொடைக்கானல்காரர்கள் ஐப்பசிக்கு முன்.